பதினாலாம் பக்கத்துக் குடும்பம்

கல்லாத்துப்பட்டியில் அந்தக் குடும்பம் வந்து இறங்கியது ஒரு மாசி மாதத்துப் புதன்கிழமை, உச்சிவெயிலில், ஆத்தூரிலிருந்து வருகிற ஒரு மணி பஸ்ஸில். நம்பாதவர்கள் கண்டக்டரைக் கேட்டுக்கொள்ளலாம், மனுசன் இன்னும் அதே தடத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கிறார், எத்தனை டிக்கெட் என்று கேட்டதற்கு அந்த ஆம்பளை கொஞ்சமும் சிரிக்காமல் "ரெண்டே முக்காலுங்க" என்று சொன்னதையும், தலையைத் தூக்கிப் பார்த்தால் அது சரியாகவே இருந்ததையும் இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார். ஆம்பளை முழு ஆள். பொம்பளை முக்கால் ஆள். குள்ளம் என்று நினைத்துவிடக் கூடாது, ஒல்லி என்றும் இல்லை, மூக்கும் முழியுமாக லட்சணமாகத்தான் இருந்தாள், ஆனால் பார்க்கிறவர் கண்ணுக்கு அவளில் கால்வாசி இன்னும் வந்துசேரவில்லை, பின்னால் வேறொரு பஸ்ஸில் வருகிறது என்று பட்டுக்கொண்டே இருக்கும். பிள்ளைகள் இரண்டும் அரை, அரை. அழுதாலும் அரை அழுகைதான், சிரித்தாலும் அரைச் சிரிப்புதான்.

டீக்கடை நடேசன் வழக்கம்போல முதல் ஆளாக விசாரித்தார்.

"எந்த ஊருங்க?"

"ஃபைலுங்க."

"ஃபைலா? அது எங்க இருக்குது?"

"சேலத்துலதாங்க, கூலிக் கமிட்டி ஆபீஸ்ல, மூணாவது பீரோ. அதுல பதினாலாம் பக்கத்துல குடியிருந்தோம். இருபத்திநாலு வருசம் ஆச்சு." சொல்லிவிட்டு அவர் சட்டைப்பையிலிருந்து நாலாய் மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். "இந்தச் சம்பளத்துல வாழற குடும்பம் இருந்தாக் காட்டச் சொல்லி இங்கருந்து யாரோ மனு போட்டிருந்தாங்களாம். நாங்கதாங்க அது."

நடேசன் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சரி, வெயிலில் வந்திருக்கிறார்கள், ஒரு டீ சாப்பிடட்டும் என்று கிளாசைக் கழுவினார். டீ எங்கள் பக்கத்தில் இல்லை என்று அந்த மனுசர் பணிவாக மறுத்துவிட்டார். அந்த அவமானத்தை நடேசன் ரொம்ப நாள் மனசில் வைத்துக்கொண்டிருந்தார்.

இதற்கெல்லாம் காரணம் யார் என்று கேட்டால் கல்லாத்துப்பட்டி ஒரே குரலில் பூங்கொடியைத்தான் கைகாட்டும். பூங்கொடி நல்லமுத்து முதலாளியின் ஜவ்வரிசி செய்கிற சேகோ மில்லில் மரவள்ளிக்கிழங்குத் தோல் உரிக்கிறவள்; பதினாறு வருசமாக உரிக்கிறாள்; லாரியில் வந்து கொட்டுகிற கிழங்கை உரித்து உரித்து விரலெல்லாம் வெளுத்து, கல்யாண வீட்டில் பன்னீர் தெளித்தாலும் போகாத ஒரு புளித்த வாசனை கையோடு ஒட்டிக்கொண்டு, பத்தாவது பாஸ் பண்ணிய தெம்பில், அதே கையால் மில் ஆட்கள் எல்லாருக்குமாகச் சேர்த்து அவள்தான் கூலி உயர்வு மனு எழுதினாள். எழுதினவள் எழுதியதோடு நின்றிருக்கலாம். அதுதான் இல்லை. அரிசி விலை எழுதி, எண்ணெய் விலை எழுதி, வாடகை எழுதி, ஆத்திரம் தீராமல் கடைசியில் ஒரு வரி சேர்த்தாள்: "இந்தச் சம்பளத்தில் சாப்பிட்டு, உடுத்தி, பிள்ளை வளர்க்கிற குடும்பம் ஒன்று உலகத்தில் இருந்தால் தயவுசெய்து எங்கள் கண்ணில் காட்டவும்." மனு சேலம் போனதும், அங்கே மூணாவது பீரோவைத் திறந்து, பழைய ஃபைலை எடுத்துத் தூசி தட்டிப் பிரித்து வைத்தார்கள், பதினாலாம் பக்கத்தில் ஆம்பளை ஒன்று, பொம்பளை முக்கால், பிள்ளை அரை என்று சம்பளக் கணக்குக்காக என்றைக்கோ எழுதி வைக்கப்பட்டு அங்கேயே காலம் தள்ளிக்கொண்டிருந்த அந்தக் குடும்பம், நம்மைத்தான் கூப்பிடுகிறார்கள்போல என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது.

பூங்கொடிக்கு இதில் விளையாட்டில்லை. அவள் மகள் தேன்மொழி பிளஸ் டூ எழுதப்போகிறாள், நர்ஸிங் படிக்க வேண்டும் என்று ஆறாவதிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிற பெண். கூலி ஏறினால் ஆடியில் காலேஜ். ஏறாவிட்டால் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கிழங்கு. முதலாளி போன பொங்கலுக்கே, நல்ல மனசோடுதான், "உம் மகளுக்கு உம் பக்கத்துலயே எடம் ஒதுக்கிருக்கேன் பூங்கொடி, வேற யாரையும் உக்கார விடல" என்று சொல்லியிருந்தார். அன்றிலிருந்து அவள் அந்த வெற்றிடத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தே உரித்தாள்.

முதலாளிக்கோ வந்தவர்களைப் பார்த்ததும் தலைகால் புரியவில்லை. மில் ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லைனில் காலியாகக் கிடந்த பன்னிரண்டாம் வீட்டைச் சுண்ணாம்பு அடித்துக் கொடுத்தார். ஆம்பளைக்குக் களத்தில் வேலை போட்டார், வெயிலில் ஜவ்வரிசி காயப்போட்டுத் துழாவிவிடுகிற வேலை. பிறகு தோல் உரிக்கிற கொட்டகைக்கு அவரே நடந்து வந்து, வெற்றிலை போட்ட வாயை ஒதுக்கிக்கொண்டு, "கேட்ட இல்ல பூங்கொடி? வந்துட்டாங்க. நல்லாப் பாத்துக்க," என்றார். கொட்டகையே அவளைத் திரும்பிப் பார்த்தது. பூங்கொடி கிழங்கைத் திருகித் திருகி உரித்தாள்.

அவர்கள் வாழ்ந்ததும் ஒரு வாழ்க்கைதான். காலையில் இத்தனை, மத்தியானம் இத்தனை, சாயந்திரம் இத்தனை என்று அளந்த அரிசி. வருசத்துக்கு இத்தனை முழம் என்று அளந்த துணி. ஒரு விளக்கு, ஒரு அடுப்பு. காய்ச்சல் வராது, ஏனென்றால் பதினாலாம் பக்கத்தில் காய்ச்சல் கிடையாது. விருந்தாளி கிடையாது. கோயில் வரி, காதுகுத்து, கல்யாணம், எழவு எதுவும் கிடையாது. மாமியார் கிடையாது என்று கேள்விப்பட்டதும் லைனில் இரண்டு பேர் பெருமூச்சு விட்டார்கள். அவர்களுக்குப் பேர்கூட இல்லை. அவர் குடும்பத் தலைவர், அவள் மனைவி, பிள்ளைகள் ஒன்று, இரண்டு. "ஒண்ணு, இங்க வா" என்றால் பெரியது வரும். மாதக் கடைசியில் அவர்கள் வீட்டில் மிச்சமும் இருக்காது, குறையும் இருக்காது, சம்பளம் அன்றைக்குச் சாயந்திரம்தான் தீரும், மறுநாள் காலை அடுத்த சம்பளம்.

ஊர் பத்தே நாளில் பழகிவிட்டது. ரேஷன் கடைக்காரருக்கு அவர்கள்மேல் ஒரு தனிப் பிரியம் விழுந்துவிட்டது, ஏன் கம்மியாக இருக்கிறது என்று கேட்காத ஒரே கார்டு அதுதான் என்பார். பள்ளிக்கூடத்தில் இரண்டு அரைப் பிள்ளைகளையும் சேர்த்து ஒரு பெஞ்சில் ஒரு இடமாக உட்காரவைத்தார்கள். ராசிபுரத்திலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் மில்லு முதலாளிகள் காரில் வந்து, குற்றாலத்து அருவியைப் பார்க்கிறவர்கள் மாதிரி பன்னிரண்டாம் வீட்டு வாசலில் நின்று பார்த்துப் பரவசப்பட்டார்கள். ஒருவர் தன் மில் ஆட்களை வேன் வைத்துக் கூட்டிவந்து காட்டிவிட்டுப் போனார். நல்லமுத்து முதலாளி சித்திரை காலண்டரில் வழக்கமாகப் போடுகிற லட்சுமி படத்தை எடுத்துவிட்டு இந்தக் குடும்பத்தின் படத்தை அச்சடித்து வீட்டுக்கு வீடு கொடுத்தார். லைனில் சிலர் அதற்கும் பொட்டு வைத்தார்கள், அது வேறு விஷயம்.

ஆனி மாதம் கமிட்டி விசாரணை என்று பங்குனிக் கடைசியிலேயே தாக்கீது வந்தது. அன்றைக்குப் பூங்கொடி அடுப்படியில் உட்கார்ந்து, புருசன் அர்த்தனாரியிடம் சொன்னாள்:

"ஏங்க, இவங்களைக் கெடுக்கணும்."

"யாரைடி?"

"பன்னெண்டாம் நம்பரைத்தான். அவங்க இப்படியே இருந்தா நம்ம பொழப்பு அவ்வளவுதான். கமிட்டிக்காரன் வந்து பாப்பான், இவங்க பொழைக்கறாங்களே உங்களுக்கென்ன கேடும்பான். எம் புள்ளை கிழங்குல வந்து உக்காரணும்."

"பாவம்டி. அதுங்க நம்மளை என்ன பண்ணுச்சு?"

"பாவம் பாத்தா ஆவாது. நீங்க சும்மா இருங்க."

அன்றைக்கே கருவாட்டுக் குழம்பு வைத்தாள். கத்தரிக்காய் போட்டு, மொச்சை போட்டு, லைன் முழுக்க வாசனை தூக்குகிற மாதிரி வைத்து, ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் ததும்ப ஊற்றி, புதுசாகக் குடி வந்தவங்களுக்கு அக்கம்பக்கத்தார் கொடுக்கிறதுதான் என்று சிரித்த முகமாகப் பன்னிரண்டாம் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தாள். வாங்குவார்களோ மாட்டார்களோ என்று பார்த்தால், வாங்கிக்கொள்ளக் கூடாது என்று பதினாலாம் பக்கத்தில் எழுதியிருக்கவில்லை, வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் காலையில் அந்த முக்கால் பொம்பளை கிண்ணத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். பளபளவென்று தேய்த்து, கழுவி, துடைத்து, சுத்தமாக, வெறும் கிண்ணமாக.

லைனே மூச்சை நிறுத்திவிட்டது. மூணாம் வீட்டு அக்கா வாயில் வைத்த பல்பொடியைத் துப்ப மறந்து நின்றாள். ஒரு வீட்டிலிருந்து பண்டம் வந்த ஏனத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதாவது! கல்லாத்துப்பட்டியில் கடன் வாங்கி ஓடினவன் இருக்கிறான், பொண்டாட்டியை அடித்துக் காலை ஒடித்தவன் இருக்கிறான், ஆனால் வெறுங்கிண்ணம் கொடுத்தவர்கள் யாரும் இல்லை.

"ஏம்மா," என்றாள் பூங்கொடி, உள்ளுக்குள் ஆடுகிற சந்தோசத்தை மறைத்துக்கொண்டு, "இப்படிக் குடுக்கக் கூடாதும்மா. எதாச்சும் போட்டுத்தான் குடுக்கணும்."

"என்ன போடணுங்க?"

"என்னமோ ஒண்ணு. ஒரு கைப்பிடி அரிசியாச்சும் போடலாம்ல? நாலு கறிவேப்பிலையாவது போடலாம். வெறும் ஏனம் மட்டும் திரும்பி வரக்கூடாது."

அந்தப் பெண் ஒரு நிமிசம் யோசித்தாள். உள்ளே போனாள். அளந்த அரிசியில் ஒரு கைப்பிடி எடுத்தால் அளவில் ஒரு கைப்பிடி ஓட்டை விழும். அந்த ஓட்டையை அன்றைக்கு மத்தியானம் தன் பங்கில் வாங்கிக்கொண்டாள். கிண்ணம் ஒரு கைப்பிடி அரிசியோடு திரும்பி வந்தது. இருபத்திநாலு வருசத்தில் அந்தக் குடும்பத்தில் விழுந்த முதல் ஓட்டை அது.

அப்புறம் கேட்க வேண்டுமா. பூங்கொடி ரகசியமாகச் சொன்னாளோ, இல்லை தானாகவே பரவியதோ, பதினோரு வீட்டிலிருந்தும் கிண்ணம் கிளம்பிற்று. ஒரு வீட்டில் கொழுக்கட்டை, ஒரு வீட்டில் கேப்பங்களி கீரைக்கடைசல், ஒரு வீட்டில் பொரிகடலை, ஒரு வீட்டில் பிள்ளை பிறந்த காப்பரிசி, யார் எதைச் செய்தாலும் ஒரு கிண்ணம் பன்னிரண்டாம் வீட்டுக்குப் போகும், அந்தக் கிண்ணத்துக்குப் பதில் இன்னொன்று கிளம்பி வரும், அரிசி வரும், பருப்பு வரும், எதுவும் இல்லாத நாளில் அந்தப் பெண் வாசலில் தானாக முளைத்த பூசணிப் பூவைப் பறித்துப் போட்டு அனுப்புவாள். மாதக் கடைசிக்கு ஐந்து நாள் முந்தியே சம்பளம் தீர்ந்தது. அடுத்த மாதம் ஒன்பது நாள் முந்தி. குடும்பத் தலைவர் ஒருநாள் நேராக நடேசன் கடைக்குப் போய், யாரும் கூப்பிடாமலேயே பெஞ்சில் உட்கார்ந்து, "ஒரு டீ போடுங்க," என்றார். நடேசன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாலாடை போட்டுக் கொடுத்தார், காசும் வாங்கவில்லை.

இதில் பூங்கொடி எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. கொடுக்கக் கொடுக்க அந்தக் குடும்பம் தேய்ந்துபோக வேண்டியதுதானே நியாயம்? ரொம்பிக்கொண்டு வந்தது. முக்கால் பொம்பளை நாளாக நாளாக நிறைந்தாள். ஒரு கிண்ணம் கொடுக்கிறபோது கொஞ்சம், குழாயடியில் சண்டை போடுகிறபோது கொஞ்சம், அடுத்த வீட்டுப் பிள்ளைக்குப் பேன் பார்க்கிறபோது கொஞ்சம். அவர் குறட்டை விட ஆரம்பித்தார். பெரியது பொய் சொல்லக் கற்றுக்கொண்டது, சின்னது ஜவ்வுமிட்டாய் வேண்டும் என்று தெருவில் விழுந்து புரண்டது, அப்படி அழுதபோது முழு அழுகையாகவே அழுதது. ஒருநாள் பேச்சுவாக்கில் பூங்கொடி அவளை "வசந்தா" என்று கூப்பிட்டுவிட்டாள். அது அவளுடைய செத்துப்போன தங்கச்சி பேர். நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"என்னக்கா கூப்ட்டீங்க?"

"ஒண்ணுமில்ல, வாய் தவறி."

"நல்லா இருக்குதுக்கா. நானே வெச்சிக்கட்டுமா?"

வெச்சிக்கோ என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் வந்து, எதற்கென்று தெரியாமல் பூங்கொடி ஒரு பாட்டம் அழுதாள். கெடுக்கப் போனவளுக்கு அந்தப் பெண்மேல் ஆசை வந்து தொலைத்துவிட்டது.

வைகாசியில் தேன்மொழிக்கு ரிசல்ட் வந்தது, நல்ல மார்க்கு, சேலத்தில் காலேஜிலும் இடம் கிடைத்துவிட்டது. அந்த வாரமேதான் பன்னிரண்டாம் வீட்டுச் சின்னதுக்குக் காய்ச்சல் கண்டது. அந்த வீட்டில் காய்ச்சல் என்பதே என்னவென்று தெரியாது. பிள்ளை சுடுகிறதே, அடுப்புப் பக்கம் போனானோ என்று வசந்தா அவனை நிழலில் உட்கார வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிழங்கு உரித்துக்கொண்டிருந்த பூங்கொடிக்குச் சேதி வந்து அவள் ஓடிப்போய்ப் பார்த்தபோது பையன் கண் சொருகிக் கிடந்தான். கத்தியைக் கீழே போடக்கூட மறந்து, இடுப்பில் செருகிக்கொண்டு, பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, ரோட்டில் போன கிழங்கு லாரியை மறித்து ஏறி ஆத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனாள். வழியெல்லாம் அவளுக்கு ஒரே நினைப்புதான். ஃபைலில் கிடந்த பிள்ளை, காய்ச்சல் இல்லாமல் சுகமாகக் கிடந்த பிள்ளை, நான்தானே குழம்பு ஊற்றி இந்தக் கதிக்குக் கொண்டுவந்தேன். மாரியம்மனைக் கூப்பிட்டாள், உன் கோயிலுக்குத் தீச்சட்டி எடுக்கிறேன் என்றாள், என் புள்ளை காலேஜுக்குப் போகாட்டியும் போகுது தாயே, இது பிழைக்கட்டும் என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். லாரி டிரைவருக்குத் திக்கென்று ஆகிவிட்டது.

மூணு நாளில் காய்ச்சல் இறங்கியது. மூணு நாளும் லைனிலிருந்து ஆள் மாற்றி ஆள் வந்தார்கள். ஒருத்தி ரசஞ்சோறு, ஒருத்தி ரொட்டி, நடேசன் ஃபிளாஸ்க்கில் பால். பின்னாலேயே வந்து சேர்ந்து, பிள்ளையை மடியில் போட்டு வெளித்தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த வசந்தாவிடம் பூங்கொடி சொன்னாள்:

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும் வசந்தா. நான் அந்தக் குழம்பை நல்ல எண்ணத்துல குடுக்கல. உங்களுக்குச் சம்பளம் பத்தக்கூடாதுன்னுதான் குடுத்தேன்."

"தெரியும்க்கா."

"தெரியுமா?"

"முதல் நாளே தெரியும். குடுக்கறப்ப உங்க கண்ணு சிரிக்கலையே." வசந்தா பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "ஆனா கொழம்பு நல்லா இருந்துச்சுக்கா. அதுக்கு முன்னாடி நாங்க எதையும் நல்லா இருக்குதுன்னு சொன்னதில்ல. இருக்கும், திம்போம்."

பூங்கொடி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கிழங்கு வாசனை அடித்த அந்தக் கையை வசந்தா விடவே இல்லை.

இதற்குள் குடும்பத் தலைவர் மில்லு ஆபீசுக்குப் போய் முன்பணம் கேட்டுவிட்டார். நல்லமுத்து முதலாளி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். காலண்டரில் இருக்கிற ஆள் வந்து முன்பணம் கேட்டால் எந்த முதலாளிதான் தாங்குவார்? கொடுத்தார், கொடுக்காமல் இல்லை, கொடுத்துவிட்டு அவரை உட்காரவைத்து அழாத குறையாகச் சொன்னார்: "நீயே இப்படிப் பண்ணலாமா? உன்ன நம்பித்தான இருக்கேன். விசாரணையில அவங்க கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு. அரிசி பத்துதான்னா பத்துதுன்னு சொல்லு. கேக்காததைச் சொல்லாத." அவர் சரிங்க என்றார். ஃபைலில் வளர்ந்தவர், பொய் சொல்லவும் தெரியாது, கேட்காததைச் சொல்லவும் தெரியாது.

ஆனி மாதம் இருபதாம் தேதி, தாலுகா ஆபீஸ் ஹாலில் விசாரணை. முதலாளி அந்தக் குடும்பத்தைத் தன் காரிலேயே கூட்டிவந்தார். லைன் பொம்பளைகள் பஸ்ஸில் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார்கள், பூங்கொடி தேன்மொழியின் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். கமிட்டிச் செயலாளர் வேதாசலம், ஓய்வுபெற இன்னும் நாலே மாதம் இருந்தவர், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சாட்சிகளைப் பார்த்தார், பார்த்தவர் அப்படியே எழுந்து நின்றுவிட்டார். இருபத்திநாலு வருசத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், சாப்பிட்ட களைப்பில், பென்சிலால் பதினாலாம் பக்கத்தை எழுதியவர் அவர்தான்.

"நல்லா இருக்கீங்களா?" என்றார், பெற்ற பிள்ளைகளைப் பார்த்தவர் குரலில். பிறகு வசந்தாவை மேலும் கீழும் பார்த்தார். "ஏம்மா, உன்ன முக்கால்னு தானே எழுதினேன்?"

"ஆமாங்கய்யா. மிச்சம் இங்க வந்து சேந்துச்சுங்க."

செயலாளர் இருமிக்கொண்டு உட்கார்ந்து, ஃபைலைப் பிரித்து, வரிசையாகக் கேட்டார்.

"அரிசி பத்துதா?"

"பத்துதுங்க," என்றார் குடும்பத் தலைவர்.

"துணி?"

"பத்துதுங்க."

"வெளக்கு, அடுப்பு, வாடகை?"

"எல்லாம் பத்துதுங்க."

பொய்யில்லை. பதினாலாம் பக்கத்துக்குப் பதினாலாம் பக்கம் பத்தத்தானே செய்யும். முதலாளி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். பூங்கொடிக்குக் கொட்டகையில் தன் பக்கத்தில் காலியாகக் கிடக்கிற அந்த இடமும், அதில் குனிந்து உட்கார்ந்து உரிக்கிற மகளின் பின்கழுத்தும் கண்முன்னால் வந்து நின்றன. போச்சு என்றாள் மெதுவாக. தேன்மொழி, "பரவால்லம்மா," என்றாள். அந்தப் பரவாயில்லையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

செயலாளர் ஃபைலை மூடப்போனார். மூடப்போனவர், மனசு கேட்காமல் வசந்தா பக்கம் திரும்பி, "நீ ஏதாச்சும் சொல்லணுமாம்மா?" என்றார்.

"சொல்லணுங்கய்யா." வசந்தா எழுந்தாள். "நாங்க திங்கறதுக்குப் பத்துதுங்க. குடுக்கறதுக்குத்தான் பத்தல."

"குடுக்கறதுக்கா? யாருக்கு?"

"எல்லாருக்குந்தாங்க. எம் பையனுக்குக் காய்ச்ச வந்தப்ப பதினோரு வீடும் ஆஸ்பத்திரியில வந்து கெடந்துச்சுங்க. நாளைக்கு அவங்க வீட்ல ஒண்ணுன்னா நான் வெறுங்கையோட போயி நிக்கறதா? தோ, அந்த அக்கா மக, அந்தப் புள்ள, நர்ஸுக்குப் படிக்கணும். படிக்கப் போறப்ப நான் அது கையில ஒரு பத்து ரூபாயாச்சும் வெக்கணும். அதுவும் முடியலன்னா நான் எப்படிங்க அந்த லைன்ல குடியிருக்கறது? அதுக்குப் பேசாம ஃபைலுக்கே வந்துரலாம். அங்கன்னா அக்கம்பக்கம் யாருமே இல்லீங்க."

வேதாசலம் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார்.

"உங்களுக்கு அக்கம்பக்கத்தையே நான் எழுதலையேம்மா," என்றார். "தோணவே இல்ல பாரு."

"சார், சார்," என்று முதலாளி எழுந்தார். "அக்கம்பக்கத்துக்கெல்லாம் நான் சம்பளம் குடுக்க முடியுங்களா?"

"போன மாசம் உங்க பேரனுக்குக் காதுகுத்துன்னு எனக்கும் பத்திரிகை வந்துச்சே," என்றார் செயலாளர். "எத்தனை பேர் வந்தாங்க?"

"அது வந்துச்சு... ஊரே வந்துச்சு."

"மில்லு ஆளுங்க?"

"வராம இருப்பாங்களா? எல்லாம் வந்தாங்க."

"வெறுங்கையோடயா வந்தாங்க?"

பேரன் கையில் அர்த்தனாரி வைத்த வெள்ளி மோதிரம் ஞாபகம் வந்ததோ என்னமோ, முதலாளி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். செயலாளர் ஒரு பென்சிலை எடுத்துச் சீவினார். வசந்தாவிடம் பேர் கேட்டு எழுதினார். குடும்பத் தலைவருக்குப் பேர் இல்லை என்று தெரிந்து அங்கேயே, ஹாலில் இருந்தவர்களைக் கலந்துகொண்டு, மாதையன் என்று வைத்தார். பிள்ளைகளுக்கும் வைத்தார்கள். சாயந்திரம் வரைக்கும் எழுதினார், பதினாலாம் பக்கம் நிரம்பி, பதினைந்து நிரம்பி, பதினெட்டாம் பக்கத்தில் போய் நின்றது. காய்ச்சலை எழுதினார், டீயை எழுதினார், காதுகுத்தை எழுதினார், படிக்கிற பிள்ளையை எழுதினார். மாமியாரையும் சேர்த்துவிட்டார் என்று கேள்விப்பட்டு லைனில் அந்த இரண்டு பேருக்குச் சோறு இறங்கவில்லை.

கூலி ஏறியது. இந்த ஆடி தாண்டாது, மில்லை இழுத்து மூடிவிடுவேன் என்று நல்லமுத்து முதலாளி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார், ஆடியும் தாண்டியது, மில்லும் ஓடியது, அவர் அப்புறம் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

தேன்மொழி சேலத்துக்குக் கிளம்பிய காலை, ஏழரை பஸ்ஸுக்கு லைன் மொத்தமும் நிறுத்தத்தில் நின்றது. பெட்டி ஒன்று, பாய் ஒன்று, ஊறுகாய் ஜாடி மூன்று. ஒவ்வொருத்தியாக வந்து பெண்ணின் கையில் எதையோ வைத்து மூடி, கன்னத்தை வழித்து நெற்றியில் சொடுக்கிவிட்டுப் போனார்கள். வசந்தாவும் வைத்தாள், எவ்வளவு என்று யாருக்கும் காட்டவில்லை, வைத்துவிட்டு, "நல்லாப் படி கண்ணு," என்று சொல்லி ஊறுகாய் ஜாடியின் மூடியை இறுக்கிவிட்டாள். பஸ் வந்தது. ஏறினாள். பூங்கொடி "சாப்புடு, சாப்புடு" என்பதை மட்டும் பஸ் திரும்புகிற வரைக்கும் கத்திக்கொண்டே இருந்தாள்.

மில்லுச் சங்கு ஊதியது. அன்றைக்கு லீவு சொல்லியிருந்த பூங்கொடியைத் தவிர எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வேகமாக நடந்தார்கள். வேலைக்குப் போக வேண்டிய மாதையனும் அசையவில்லை. சின்னவனைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு, பஸ் போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இருபத்திநாலு வருசத்தில் ஒருநாள்கூட வேலைக்குப் போகாமல் இருந்திராத மனுசர். பதறிப்போய் மில்லுச் சூப்பர்வைசர் மொபெட்டில் வந்து இறங்கினார்.

"என்னய்யா, ஒடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தாங்க இருக்கேன்."

"வீட்ல எதாச்சும் விசேசமா?"

"அதெல்லாம் இல்லீங்க."

"அப்புறம் ஏன் வேலைக்கு வரல?"

மாதையன் கொஞ்சம் யோசித்துப் பார்த்தார். தோளில் இருந்தவன் அவர் தலைமயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

"சும்மாதாங்க," என்றார்.

அழுதுகொண்டு நின்ற பூங்கொடிக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது.